மிச்சம் விழுந்த தக்காளி

போன மாசம் ஒரு நாள் தக்காளி விலை பறிகூலிக்கே கட்டலைங்க. திருப்பூர் உழவர் சந்தையில் வித்தது போக ரெண்டு பெட்டி மிச்சம். வழக்கமா அதைக் கொண்டாந்து மாட்டுக்குக் கொட்டிருவேன். அன்னைக்கு வழியில டீ குடிக்க நின்னப்போ, பக்கத்து லைன் வீட்டுப் பையன் ஒருத்தன் வந்து "அண்ணா, எவ்ளோ?"ன்னு கேட்டான். ஒடிசாக்காரன். "சும்மா எடுத்துக்க தம்பி"ன்னேன். எடுக்கல. பத்து ரூபாயை நீட்டிட்டே நின்னான். நான் வாங்கினதுக்கப்புறம்தான் பையை விரிச்சான். அந்த வாரம் அவனுக்கு மூணு நாள்தான் வேலைன்னு டீக்கடை அண்ணன் சொன்னாரு.

பனியன் ஊர்ல பசியான்னு கேப்பீங்க. பீஸ் ரேட்டுக்காரனுக்கு ஆர்டர் இருந்தாத்தான் காசு. 2020 ஊரடங்குல பார்த்தோம். 2025 ஆகஸ்டுல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்பவும் அதே பயம்தான். சனிக்கிழமை சம்பளம் குறைஞ்சா, அடுத்த வியாழன் வெள்ளிக்கு அடுப்புல ஒண்ணும் இருக்காது.

அம்மா உணவகம் இருக்கு, சரி. காலைல எட்டரைக்கு உள்ள போய் ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்கு வர்றவன் எப்ப போய் வரிசைல நிக்கிறது? 2020 அக்டோபர்ல இருந்து வெளிமாநிலக் கார்டுக்கும் நம்ம ரேஷன் கடையில் பொருள் வாங்கலாம். ஆனா அந்தக் கார்டுல ஊர்ல அப்பா அம்மா சாப்பிடறாங்க. இவன் பங்கை இங்க எடுத்தா அங்க குறையும்.

சென்னை பெசன்ட் நகர்ல 2017-ல ஈசா பாத்திமா ஜாஸ்மின்ங்கிற பல் மருத்துவர் 'ஐயமிட்டு உண்'னு ஒரு பொதுக் குளிர்பெட்டி வெச்சாங்க. மிஞ்சின சாப்பாட்டை யாரும் வைக்கலாம், பசிச்சவங்க கேக்காம எடுத்துக்கலாம். நல்ல காரியம். ஆனா இங்க லைன் வீட்டுப் பசங்க நாலஞ்சு பேர் சேர்ந்து அவங்களே சமைக்கிறாங்க. அவங்களுக்கு ஆக்கின சோறு வேண்டாம். அரிசி, பருப்பு, வெங்காயம், தக்காளி போதும். ஃப்ரிட்ஜும் தேவையில்ல, கரண்ட் பில்லும் இல்ல. ஒரு மர அலமாரி. ராத்திரி எட்டரைக்கு மேல திறந்திருக்கணும். பேர் எழுதறது, ஆதார் கேக்கறது, போட்டோ புடிக்கறது எதுவும் கூடாது. போட்டோன்னா நம்மாளுக்கு ஒரு வாழைப்பழத்துக்கு எட்டுப் பேர் கை நீட்டுவாங்க!

கூட ஒரு உண்டியல். இது என் பிடிவாதம். அஞ்சு ரூபா போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. அந்தப் பையனோட பத்து ரூபாயைப் பார்த்ததுல இருந்து இது இல்லாம அலமாரி வைக்க எனக்கு மனசில்ல.

"எடுத்துட்டுப் போய் வித்துருவாங்க"ன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்றாரு. நாலு பேர் விப்பாங்கதான். நாம மாட்டுக்குக் கொட்டறப்ப அந்தக் கணக்குப் பார்த்தமா? கூலி ஒழுங்கா வந்தா இந்த அலமாரியே தேவையில்லங்கறதும் எனக்குத் தெரியும்.

டீக்கடை அண்ணன் திண்ணையில் இடம் தர்றேன்னுட்டாரு. சந்தையில் ரெண்டு வெங்காயக்காரங்க மிச்சத்தைத் தர்றதாச் சொல்லியிருக்காங்க. எலிக்கு என்ன பண்றதுன்னுதான் இன்னும் யோசிச்சிட்டிருக்கோம்.