ஃபிரிட்ஜுக்கு கண்ட்ரோலர் வேண்டாம், இன்சுலினுக்கு ஒரு தெர்மாமீட்டர் வேண்டும்

1/ "டாக்டர், ஆன்லைன்ல டிஜிட்டல் டெம்பரேச்சர் கண்ட்ரோலர்னு ஒண்ணு விக்குது. ஃபிரிட்ஜ்ல மாட்டிட்டா அம்மாவோட இன்சுலின் பத்திரமா இருக்குமா?" தருமபுரி பக்கம் வெயில் ஏறினாலே இந்தக் கேள்வி வரும். என் பதில்: வேண்டாம். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கு கவனத்தை வேறு இடத்துல வைங்க. ஏன்னு சொல்றேன், இழை கொஞ்சம் நீளம்.

2/ அந்தப் பெட்டி செய்வது எளிய வேலை. ஒயர் நுனியில் ஒரு சென்சார். 5 டிகிரி என்று செட் பண்ணி, வித்தியாசம் 2 என்று கொடுத்தால், 7 டிகிரி வந்ததும் கம்ப்ரஸருக்கு கரண்ட் விடும், 5-க்கு இறங்கியதும் நிறுத்தும். மீன் தொட்டி, முட்டை இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் வாங்குவார்கள். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களும் வாங்குவார்கள்.

3/ அவங்களுக்கு அது தேவை. பீர் நொதிக்க 18, 20 டிகிரி வேணும். வீட்டு ஃபிரிட்ஜ் அந்தச் சூட்டில் நிற்காது. அதனால வெளியிலிருந்து ஒரு கண்ட்ரோலர் வைத்து அடக்குறாங்க. திறக்காத இன்சுலினுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி. அது ஃபிரிட்ஜ் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலை.

4/ மாட்டினால் என்ன கெடுதல்? சில மெக்கானிக்குகள் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டைத் தூக்கிவிட்டு இதை மட்டும் வைப்பார்கள். ஒருநாள் சென்சார் கழன்று வெளியே தொங்கினால், அது அறையின் 35 டிகிரியைப் படித்துக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். உள்ளே இன்சுலின் உறைஞ்சு போயிடும்.

5/ நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இதுதான். நம்ம ஆட்கள் பயப்படுவது சூட்டுக்கு. ஆனால் உறைந்த இன்சுலின் அதைவிட மோசம். ஒருமுறை உறைந்தால் அதைப் பயன்படுத்தவே கூடாது. உருகிய பிறகு பார்க்க பழையபடியே தெரியலாம், வேலை மட்டும் ஒழுங்கா செய்யாது. சுகர் இறங்காது. "டோஸ் பத்தலை" என்று டோஸ் ஏறும். அப்புறம் நல்ல பாட்டில் வந்ததும் அதே டோஸைப் போட்டால் சுகர் சடார்னு இறங்கி ஆள் மயங்கி விழலாம்.

6/ இது நம்ம ஊர் பிரச்சினை மட்டுமில்லை. 2018-ல் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், நீரிழிவு உள்ளவர்களின் இன்சுலினோடு சென்சார் வைத்துப் பார்த்ததில், பெரும்பாலான பதிவுகளில் வெப்பநிலை சரியான எல்லைக்கு வெளியே போயிருந்தது. சில ஃபிரிட்ஜ்களில் பூஜ்யத்துக்கும் கீழே. கரண்ட் அதிகம் போகாத நாடுகளிலேயே இப்படி.

7/ நம்ம வீட்டு சிங்கிள் டோர் ஃபிரிட்ஜில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி இல்லை. எவ்வளவு பலமா குளிரணும் என்பது மட்டும்தான். மே மாசத்தில் முழுசா திருகி வைப்போம். மார்கழியில் அதைக் குறைக்க யாருக்கும் ஞாபகம் வராது. ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் தட்டுதான் அதிகம் குளிரும் இடம். பலர் "சில்லுனு இருக்கட்டும்" என்று இன்சுலினை வைப்பது சரியாக அங்கேதான்.

8/ செய்ய வேண்டியது:
• குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிந்து காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று. சில நூறு ரூபாய்தான்.
• இன்சுலினை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நடுத்தட்டில் வைங்க. பின்சுவரைத் தொடக்கூடாது. கதவிலும் வேண்டாம்.
• தெர்மாமீட்டரின் சென்சார் அதே டப்பாவுக்குள் இருக்கட்டும்.
• காலை ஒருமுறை, மாலை ஒருமுறை பாருங்க. 2-க்குக் கீழே போனால் திருகைக் குறைங்க.

9/ ஃபிரிட்ஜே இல்லையா? சித்தேரி, வத்தல்மலை பக்கம் பல வீடுகளில் இல்லை. பயப்பட வேண்டாம். பயன்பாட்டில் உள்ள பாட்டில் பொதுவாக 30 டிகிரிக்குள் சுமார் 4 வாரம் தாங்கும் (உங்கள் மருந்தோடு வரும் தாளில் பாருங்க). வெளியே 38 டிகிரி தாண்டும்போது மண்பானை கைகொடுக்கும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி, காற்றோட்டமான நிழல். இன்சுலின் மட்டும் நனையாமல் டப்பாவுக்குள். தருமபுரியின் வறண்ட காற்றில் நீர் வேகமா ஆவியாகும், பானை நல்லா குளிரும்.

10/ கென்யாவின் டகாஹலே அகதிகள் முகாமில் பதிவான 25 முதல் 37 டிகிரி ஏற்ற இறக்கத்தில் 4 வாரம் வைத்த இன்சுலின் வீரியம் இழக்கவில்லை என்று ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2021-ல் காட்டினார்கள். அதுக்காக வெயிலில் போட்டு வைக்கலாம் என்று அர்த்தமில்லை. ஃபிரிட்ஜ் இல்லை என்பதற்காக யாரும் இன்சுலினை நிறுத்தக்கூடாது என்று அர்த்தம்.

11/ இப்போ அரசுக்கு ஒரு வார்த்தை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இருக்கும் ஐஎல்ஆர் பெட்டியைப் பாருங்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே குளிரைப் பிடித்து வைக்கும். அதிலும் உள்ளே ஒரு தெர்மாமீட்டர், தினம் இரண்டு வேளை குறிக்க ஒரு பதிவேடு. எவ்வளவு நல்ல பெட்டியானாலும் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது என்பது நம்ம சுகாதாரத் துறைக்கே தெரிந்த பாடம்.

12/ அதே துறை இலவசமாகத் தரும் இன்சுலின், வாங்கியவர் கையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறது. அதுக்கப்புறம் அளவே இல்லை. இன்சுலின் தரும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தெர்மாமீட்டரோ, ஃபிரிட்ஜ் இல்லாதவருக்கு ஒரு ஜோடி பானையோ கொடுத்தால் என்ன? உறைந்து வீணாகும் மருந்து, அதனால் வரும் அட்மிஷன், இதோடு ஒப்பிட்டால் பெரிய செலவு இல்லை.

13/ கடைசியா: தண்ணி மாதிரி இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, பால் மாதிரி இருப்பது உருட்டியும் கட்டி கட்டியா நின்றாலோ போடாதீங்க, புது பாட்டில் வாங்குங்க. திடீர்னு சுகர் ஏறினால் நீங்களா டோஸை ஏத்தாதீங்க. மருத்துவரைப் பார்க்கும்போது "இதை எங்க வச்சிருந்தேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. வீட்டில் இன்சுலின் போடுறவங்க இருந்தால் இன்னைக்கே ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டில் எந்தத் தட்டில் இருக்குன்னு பாருங்க.