பாட்டைத் தள்ளாதேடா!

நியூஜெர்சியில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது எனக்குக் கிடைத்த வேலை, பேரன் பள்ளிவிட்டு வந்ததும் அவனோடு உட்கார்ந்து போக்கிமான் பார்ப்பது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவனுக்கு இது பதவி உயர்வுதான்!

ஒரு சனிக்கிழமை பழைய முதல் சீசனைப் போட்டார்கள். பேரன் பழக்கதோஷத்தில் 'ஸ்கிப் இன்ட்ரோ'வை அமுக்கிவிட்டான். "பாட்டைத் தள்ளாதேடா!" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தான் மகன். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, கையில் தோசைத் திருப்பியோடு கூடவே பாடினான். ஒரு வார்த்தை தப்பவில்லை.

ஜேசன் பெய்ஜ் என்பவர் பாடிய ஆங்கிலப் பாட்டு அது. ஜப்பானில் 1997 ஏப்ரல் 1 அன்று தொடர் ஆரம்பித்தபோது இருந்த பாட்டு வேறு. அதைப் பாடிய ரிக்கா மட்சுமோட்டோ என்ற பெண்மணிதான் கதாநாயகன் சடோஷிக்கும் குரல் கொடுத்தவர். ஆங்கிலத்தில் அவன் பெயர் ஆஷ். அமெரிக்கப் பதிப்பில் சீசன் மாறினால் பாட்டும் மாறும். ஜப்பானில் அதற்குக்கூடக் காத்திருப்பதில்லை.

மகன் கட்சி: முதல் பாட்டுதான் பாட்டு, மற்றதெல்லாம் வேஸ்ட். பேரனுக்கோ லிக்கோ, ராய் வரும் புதுத் தொடரின் பாட்டுதான் உயிர். ஆஷ் 2023 மார்ச்சில் விடைபெற்றுப் போய்விட்டான். கடைசி 11 பகுதிகளுக்கு அந்த முதல் ஜப்பானியப் பாட்டின் பெயரையே வைத்தார்களாம். ஜப்பான்காரர்களுக்கும் என் மகன் மாதிரி மனசுதான் போல.

நான் பேரன் கட்சி. எம்.எஸ்.வி.க்குப் பிறகு பாட்டே இல்லை என்று இவனிடமே எத்தனை தடவை வாதாடியிருக்கிறேன்! இப்போது இவன் அதையே சொல்லும்போதுதான் எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறது. ஆஷ் இருபத்தைந்து வருடமாகப் பத்து வயதிலேயே நின்றான். பார்க்கிற பிள்ளைகள் நிற்பதில்லையே. வருகிற ஒவ்வொரு செட்டுக்கும் சொந்தமாக ஒரு பாட்டு வேண்டாமா?

என் கோபமெல்லாம் அந்த ஸ்கிப் பட்டன் மேல்தான். பாட்டே கொஞ்ச நேரம்தான். அன்றைக்கு டிவியில் அதுதான் பள்ளிக்கூட மணி. கேட்டதும் தெருவில் விளையாடும் பையன் உள்ளே ஓடிவருவான். கால் கழுவி, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார அந்த நேரம் சரியாக இருக்கும். இப்போது எடுத்த எடுப்பில் கதை. பேரனுக்கு வாயில் முணுமுணுக்க என்ன மிஞ்சும்?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. எங்கள் வீட்டு டிவியில் கார்ட்டூன் நெட்வொர்க் ஓடிய காலத்தில், கிளையிலிருந்து களைத்து வந்ததும் "சத்தத்தைக் குறைடா" என்பேன். குறைத்தாலும் போதாது, செய்திக்கு மாற்றுவேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவான். ஒருநாளாவது அந்தப் பாட்டு முடியும்வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனா? அவன் பாட்டில் எனக்குக் கேட்டதெல்லாம் சத்தம் மட்டும்தான்.

மூன்று மாதமாகிறது ஊர் திரும்பி. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரன் தன் பாட்டைப் பாடிக் காட்டுகிறான். வார்த்தை பாதி புரிவதில்லை. மெட்டு எனக்கு வந்துவிட்டது.