ஸ்கேனர் வாங்கினால் போதாது

ரொறன்ரோவின் யூனிவர்சிற்றி அவெனியூவில் சிறுவர் மருத்துவமனை, ரொறன்ரோ ஜெனரல், மவுண்ட் சினாய், பிரின்சஸ் மார்கரெட் நான்கும் எட்டி நடக்கும் தூரத்தில் நிற்கின்றன. அங்கே எடுக்கும் எம்ஆர்ஐ, சிடி படங்களில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறது. புதிய ஸ்கேனருக்கு நன்கொடை திரட்டலாம், சுவரில் கொடையாளர் பெயரையும் பொறிக்கலாம். ஆனால் படங்களைச் சரிபார்த்து, வந்த முடிவு நிற்குமா என்று ஆய்வாளரோடு உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு மானியம் முடியும்வரைதான் வேலை. அதை நிரந்தரப் பதவியாக்கி, மாகாண அரசும் மருத்துவமனைகளும் சம்பளம் ஒதுக்க வேண்டும்.

படம் தானாக எதையும் சொல்லிவிடாது. மூளையின் மேலுறை எவ்வளவு தடிப்பு என்று மென்பொருள் அளக்கிறது. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர் தலையைச் சற்று அசைத்தால், கண்ணுக்குப் படம் நன்றாக இருந்தாலும், அளவில் மேலுறை உள்ளதைவிட மெல்லியதாக வந்துவிடும். நடுக்கமுள்ள நோயாளியும் சிறு பிள்ளையும் கூடுதலாக அசைவார்கள். அசைவைக் கழிக்காத ஆய்வு, நோய்தான் மூளையைத் தேய்த்தது என்று எழுதிவிடும். 2012இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே படங்களை ஒரே மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டியபோது அளவுகள் மாறின. கணினியின் இயங்குதளம் மாறியபோதும் மாறின. 2020இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட ஆய்வில், 108 பேரின் மூளைப் படத் தரவுகளை 70 குழுக்களிடம் கொடுத்து 9 கேள்விகள் கேட்டார்கள். எந்த இரு குழுவும் ஒரே வழியில் போகவில்லை. பல கேள்விகளுக்கு விடையும் ஒத்துவரவில்லை. குழுக்களுக்கே இந்த நிலை என்றால், கேட்டுப் பார்க்க ஆளில்லாத ஒரு மாணவர் என்ன செய்வார்?

இனி இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்பார்கள். இதே நகரில் 2016இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன், கதிரியல் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்தலாம் என்றார். ஐந்தாண்டில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்று அவர் சொன்ன கெடு கடந்தும் அந்த மருத்துவர்கள் தேவைப்படுகிறார்கள். நெஞ்சுப் படத்தில் கோவிட் கண்டுபிடிக்கும் மாதிரிகளை 2021இல் ஆராய்ந்த ஒரு குழு, ஆழமாகப் படித்த 62 ஆய்வுகளில் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுதியில்லை என்றது. சிலவற்றில் கோவிட் இல்லாதவர்களுக்குச் சான்றாக வைத்தவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் படங்கள். இயந்திரம் நோயைக் கற்றதா, வயதைக் கற்றதா? தரவு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அது முதல் வாரத்திலேயே பிடிபட்டிருக்கும்.

பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. நோயாளிகள் எம்ஆர்ஐக்குக் காத்திருக்கும் மாகாணத்தில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பிழையான முடிவை நம்பி அடுத்த ஆய்வைத் தொடங்குவதும் செலவுதான். படங்களை ஆராய மாணவர்களே கற்றுக்கொள்வார்கள் என்பதும் பாதிதான் சரி. பட்டம் பெற்று அவர்கள் போகும்போது கற்றதும் கூடவே போய்விடும். செய்து காட்டிய முன்மாதிரியும் இங்கேயே உண்டு. 2010இல் உருவான ஒன்ராறியோ மூளை நிறுவனத்தின் ஆதரவில், அல்சைமர், பார்க்கின்சன் உட்பட ஐந்து நோய்த் தொகுதிகளைச் சேர்ந்தவர்களைப் பல நகரங்களில் ஆராய்ந்த திட்டத்தில், படங்களுக்கென்றே தனி வல்லுநர் குழு இருந்தது. நினைவு மங்கிவரும் ஒருவர் ஸ்கேனரின் இரைச்சலுக்குள் அசையாமல் படுத்திருப்பது லேசான காரியமில்லை; அப்படி அவர் தந்த படம் வீணாகக் கூடாது. ஆகவே ஆராய்ச்சி ஸ்கேனருக்கு நிதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், படங்களை ஆராயப்போகிறவர் யார், அவருடைய சம்பளம் எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.