படம் போட நேரமில்லையாம்!

"படமெல்லாம் போட்டுக்கிட்டு இருந்தா நேரம் போயிரும்லே, மனசுலயே போடு!"

தென்காசிப் பக்கம் பி.காம். முடித்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் எல்லோரும் கேட்டிருக்கும் உபதேசம் இது. ரீசனிங் பகுதியில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் எந்த மாடி என்று வரும் புதிர்களுக்குத்தான் இந்த அறிவுரை. சுத்தப் பொய் என்கிறேன் நான்.

நம்மூர் உதாரணமே பார்ப்போம். சாரல் சீசனில் ஒருவர் ஐந்து நாள் தங்கி, நாளுக்கு ஒரு அருவியில் குளிக்கிறார்: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி. நிபந்தனைகள் மூன்று. ஐந்தருவிக்கு மறுநாளே புலியருவி. பழைய குற்றாலத்துக்கு முன்பே ஏதோ ஒரு நாள் பேரருவி. மூன்றாம் நாள் சிற்றருவி.

மொத்தம் 120 வரிசைகள் சாத்தியம். மனசில் ஓட்டிப் பாருங்கள், தலை சுற்றும்! பேப்பரில் ஐந்து கோடு போடுங்கள். நடுக்கோட்டில் 'சி'. 'ஐபு' ஒட்டியே வரவேண்டும். அதற்கு முதல் இரண்டு இடம் அல்லது கடைசி இரண்டு இடம்தான். மிச்ச இரண்டில் முதலில் 'பே', பிறகு 'ப'. முடிந்தது.

ஐ பு சி பே ப
பே ப சி ஐ பு

120 போய் 2 ஆகிவிட்டது. இன்னும் கேள்வியையே படிக்கவில்லை! பேரருவிக்கு மறுநாளே பழைய குற்றாலம் என்று எந்த நிபந்தனையும் சொல்லவில்லை. படம்தான் சொன்னது. 'மனசுலயே' கட்சிக்காரரோ ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். இப்போது சொல்லுங்கள், நேரம் யாருக்குப் போகிறது?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் இதே வகைப் புதிர்களுக்கு 'லாஜிக் கேம்ஸ்' என்று தனிப் பகுதியே இருந்தது. பார்வையற்றவரான ஏஞ்சலோ பின்னோ, படம் வரைய முடியாதவர்களுக்கு இது அநியாயம் என்று வழக்குப் போட்டார். 2019-ல் சமரசம் ஆனது. 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பகுதியே கிடையாது. மனசிலேயே போட்டுவிட முடியும் என்றால் அந்த வழக்குக்கே வேலை இல்லையே!

'சாருக்கு மட்டும் மனசுலயே வருதே' என்பீர்கள். வரும். ஆயிரம் படம் போட்ட கை அவருடையது. முதல் வாரத்துப் பையனிடம் அதை எதிர்பார்த்தால் என்ன ஆகும்? திணறுவான். பிறகு, "நமக்கு மூளை அவ்வளவுதான் போல" என்று தானே முடிவு கட்டி விலகிவிடுவான். தமிழ் மீடியத்தில் படித்தவன் என்றால் அந்த முடிவுக்கு இன்னும் சீக்கிரம் வந்துவிடுவான். கோபம் வருவது இங்கேதான். குறை அவன் மூளையில் இல்லை, அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிய அறிவுரையில் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது 'மனசுலயே போடு' என்றால் ஒரு வெள்ளைத்தாளை நீட்டுங்கள். "உங்க மனசுல ஓடுறதை இதுல வரைஞ்சு காட்டுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.