வதந்தியை முறியடித்தவருக்கு விருது!

2023 மார்ச் மாதத்தைத் திருப்பூர் வட்டாரம் மறந்திருக்காது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்று செல்போனுக்குச் செல்போன் வீடியோக்கள் பறந்தன. பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த வடமாநிலத்தவர் பயந்துபோய் ரயில் நிலையத்தில் குவிந்தனர். அவர்கள் போய்விட்டால் திருப்பூரில் தையல் மெஷின் ஓடுமா? சாமளாபுரத்தில் தறிதான் ஓடுமா?

அந்தக் காட்சிகளைத் துருவி ஆராய்ந்து, அவை வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைகள் என்று அம்பலப்படுத்தியவர் 'ஆல்ட் நியூஸ்' முஹம்மது ஜுபைர். 2024 குடியரசு தினத்தன்று தமிழக அரசு அவருக்குக் கோட்டை அமீர் மத நல்லிணக்க விருதை வழங்கியது. நல்லிணக்கத்துக்காக உயிரையே கொடுத்த கோவை அமீரின் பெயரிலான விருது, பொருத்தமான கைக்கே போயிருக்கிறது. பாராட்டுகிறோம்!

ஆனால் இதே ஜுபைரை, 2018-ல் போட்ட ஒரு ட்விட்டர் பதிவுக்காக 2022 ஜூனில் டெல்லி போலீஸ் கைது செய்ததே! உத்தரப்பிரதேசத்திலும் அடுக்கடுக்காக வழக்குகள். உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகே, ஜூலையில் சிறைக்கதவு திறந்தது. பெரிய முதலாளியின் பின்பலம் இல்லாத பத்திரிகையாளனுக்கு இதுதான் கதி.

விருதுத் தொகை 25,000 ரூபாய். அதை வைத்து எத்தனை வாய்தாவுக்கு அலைய முடியும்? ஆல்ட் நியூஸ் மக்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. பெருநாள் வாழ்த்து விளம்பரத்துக்கு அள்ளிக் கொடுக்கும் வணிகப் பெருமக்களே, இதற்கு இதுவரை என்ன கொடுத்தீர்கள்? வந்த வீடியோவை விசாரிக்காமல் அடுத்தவருக்குத் தள்ளும் இளைஞர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. அது தனியே பேச வேண்டிய வேதனை. இந்தப் பெருநாளுக்கு விளம்பரப் பணத்தில் ஒரு பங்கையாவது அங்கே அனுப்புங்கள்.