டிராக்டர் ஓட்டிய காலுக்கு கார் கிளட்ச் ஏன் பிடிபடவில்லை?

கேள்வி: “என் கணவர் பதினைந்து வருடமாக டிராக்டர் ஓட்டுகிறார். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது, அவர் வெளியூரில் உழவுக்குப் போயிருந்தார். பக்கத்து ஊரிலிருந்து கார் பிடித்து வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதன் பிறகு கடன் வாங்கி, ஒரு பழைய கியர் கார் வாங்கினோம். இரண்டு பேருமே ஓட்டிப் பழகுகிறோம். அவர் ஓட்டினால் கிளட்ச் கருகிய வாடை வருகிறது. நான் ஓட்டினால் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. ஏரிக்கரை மேட்டில் வண்டி பின்னால் உருண்டு பனைமரத்தில் இடித்துவிட்டது. டிராக்டர் ஓட்டுகிறவருக்கே வராதது எனக்கு எப்படி வரும்? வண்டியை விற்றுவிடலாம் என்கிறார்.”

- வாசகி, போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: விற்க வேண்டியதில்லை. கடிதத்தில் சொல்லியிருக்கும் மூன்று தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றுதான். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது இருவருடைய இடது காலுக்கும் இன்னும் தெரியவில்லை. அது தெரிந்துவிட்டால் வாடை, ஆஃப் ஆவது, பின்னால் உருள்வது எல்லாம் நின்றுவிடும். டிராக்டர் பழக்கம் இல்லாத வாசகிக்கு இது சீக்கிரமே வந்துவிடவும் வாய்ப்பு உண்டு. மறக்க வேண்டிய பழக்கம் அவருக்கு எதுவும் இல்லை.

கிளட்ச் என்ன செய்கிறது?

பழைய ரைஸ் மில்லில் பெல்ட் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆயில் இன்ஜினைக் கிளப்பும்போது பெல்ட், சும்மா சுற்றும் சக்கரத்தில் கிடக்கும். இன்ஜின் சீராக ஓட ஆரம்பித்த பிறகு, பெல்ட்டை மெதுவாக மெஷின் சக்கரத்துக்குத் தள்ளுவார்கள். வெடுக்கென்று தள்ளினால் இன்ஜின் திணறி நின்றுவிடும். பாதியிலேயே வைத்திருந்தால் பெல்ட் வழுக்கிப் புகையும்.

காரிலும் அதே கதைதான். பெடலை முழுக்க மிதித்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். முழுக்க விட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். இடையில் ஒரு விரற்கடை தூரத்தில் கிளட்ச் பிளேட் வழுக்கிக்கொண்டே பிடிக்கும். இதைத்தான் டிரைவர்கள் ‘ஹாஃப் கிளட்ச்’ என்கிறார்கள். அந்த இடத்தை வேகமாகத் தாண்டினால் வண்டி ஆஃப் ஆகும். வாசகிக்கு நடப்பது இதுதான். அங்கேயே காலை வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிளேட் கருகும். அவர் கணவருக்கு நடப்பது இது.

டிராக்டர் பழக்கம் எங்கே இடிக்கிறது?

உழவில் கை ஆக்ஸிலரேட்டரை ஏற்றி வைத்துவிட்டு, வேலைக்கு ஏற்ற கியரைப் போட்டு, கிளட்சை விட்டால் டிராக்டர் கிளம்பிவிடும். முதல் கியரில் நடந்து போகிற வேகம்கூட இருக்காது. இன்ஜினுக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை அதிகம். கால் கொஞ்சம் தவறினாலும் டிராக்டர் பொறுத்துக்கொள்ளும். சால் முழுவதும் ஒரே கியர்தான்.

சிறிய பெட்ரோல் காரில் இது எதுவும் இல்லை. முதல் கியரே வேகமான கியர். இன்ஜின் சிறியது, குறைந்த சுற்றில் இழுவையும் குறைவு. டிராக்டர் ஓட்டியவர் பழக்கத்தில் முதலில் சுற்றை ஏற்றிவிட்டுப் பிறகு கிளட்சை விடுகிறார். வண்டி பாய்ந்துவிடும் என்று பயந்து பாதியிலேயே காலை நிறுத்துகிறார். பிளேட் கருகுகிறது.

இரண்டாவது பழக்கம், கிளட்ச் பெடல்மேல் காலை வைத்தே ஓட்டுவது. வரப்போரம் அடிக்கடி திருப்புகிறவர்களுக்கு இது தானாக ஒட்டிக்கொள்ளும். காலின் எடையே பெடலை லேசாக அழுத்திப் பிளேட்டையும் பேரிங்கையும் தேய்த்துவிடும். கியர் மாற்றி முடித்ததும் கால் பெடலை விட்டு இறங்கித் தரையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வேகத்தைப் பற்றிய கணக்கு. 30 கிலோமீட்டர் வேகத்துக்குப் பழகிய கண்ணும் காலும் 60 கிலோமீட்டரில் ஏமாந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் மிதித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம் சுமார் நான்கு மடங்காகும்.

பழகும் முறை

முதலில் ஒரு மெக்கானிக்கிடம் கிளட்ச், பிரேக், ஹேண்ட் பிரேக் மூன்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய வண்டியில் பெடல் கிட்டத்தட்ட முழுக்க மேலே வந்த பிறகுதான் கிளட்ச் பிடிக்கிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் எவ்வளவு பழகினாலும் கால் கணக்குக்கு வராது.

இடம்: இறுகிய சமதரை வேண்டும். உழுத நிலத்தில் சக்கரம் அமுங்கி கிளட்சுக்குத் தேவையில்லாத பாரம் ஏறும். சுவர் இல்லாத கிணறு, பள்ளம், விளையாடும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நெற்களத்தில் பழகினால் வைக்கோல்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. சூடான சைலன்சர் பட்டால் தீப்பிடிக்கும்.

உட்காரும் முறை: கிளட்ச் பெடலைத் தரைவரை மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்த வேண்டும். ரப்பர் செருப்பு பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், கழற்றிவிடலாம். சேலைக் கொசுவத்தைக் கால் பக்கம் தொங்காமல் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் காலடியில் போடக் கூடாது. பிரேக்குக்கு அடியில் உருண்டு போனால் பெடல் இறங்காது.

முதல் நாள்: இன்ஜினைக் கிளப்பாமலே கிளட்சை மிதித்து எல்லா கியரையும் கீழே பார்க்காமல் போட்டுப் பழக வேண்டும். நியூட்ரலில் இருக்கிறதா என்று கியர் கம்பியை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு, மூன்றாம் நாள்: இதுதான் முக்கியமான பாடம். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. இன்ஜினைக் கிளப்பி, கிளட்சை முழுக்க மிதித்து, முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கிளட்சை மிக மெதுவாக விட வேண்டும். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் தாழும், வண்டி லேசாக நடுங்கும். அங்கேயே காலை அசைக்காமல் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினால், பெரும்பாலான கார்கள் சமதரையில் தானாக ஊர ஆரம்பிக்கும். ஊர்ந்த பிறகு மீதிக் கிளட்சை விடலாம். பத்தடி போனதும் கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதித்து நிறுத்த வேண்டும். காலையில் இருபது முறை, மாலையில் இருபது முறை. நடுவில் ஆஃப் ஆனால் பதற வேண்டாம், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. கருகிய வாடை வந்தால் மட்டும் இன்ஜினை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும்.

நான்காம் நாளிலிருந்து: அதே முறையில் கிளம்பி, ஆக்ஸிலரேட்டரை லேசாகச் சேர்த்துக்கொள்ளலாம். கியர் மாற்றும்போது வரிசை தவறக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட வேண்டும், கிளட்சை முழுக்க மிதிக்க வேண்டும், கியரை மாற்ற வேண்டும், கிளட்சை நிதானமாக விட வேண்டும். எப்போது மாற்றுவது என்பதை இன்ஜினே சொல்லும். சத்தம் இரைந்தால் மேல் கியர், வண்டி திணறினால் கீழ் கியர். வண்டி முழுதாக நின்ற பிறகுதான் ரிவர்ஸ் போட வேண்டும்.

ஏரிக்கரை மேடு

மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டுபோகும் அந்த நொடியில்தான் வண்டி பின்னால் உருள்கிறது. அந்த நொடிக்கு ஹேண்ட் பிரேக் காவல் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்றே மிதித்துக்கொண்டு, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விட வேண்டும். சத்தம் தாழ்ந்து, வண்டி முன்னே போகத் துடிப்பது தெரியும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி உருளாமல் ஏறும். சமதரையில் பிடிக்கும் இடம் பழகிய பிறகே மேட்டுக்குப் போக வேண்டும். முதலில் சின்ன மேடு, பின்னால் ஆளோ மரமோ இல்லாத இடம். மேட்டில் கிளட்சைப் பாதியில் பிடித்தே வண்டியை நிறுத்தி வைப்பது பிளேட்டைக் கெடுக்கும். பிரேக்கில்தான் நிற்க வேண்டும்.

ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் டிராக்டரை நியூட்ரலில் விடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. டிராக்டருக்கே அது ஆபத்து. காரில் இன்ஜினையும் அணைத்துவிட்டால், சில முறை மிதித்ததுமே பிரேக் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். எந்த கியரில் மலை ஏற வேண்டியிருக்கிறதோ, அதே கியரில் இறங்குவது நல்லது. இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கும் சூடேறாது.

யார் சொல்லிக்கொடுப்பது?

கணவர் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அவருக்கே கார் கிளட்ச் கைவந்த பிறகுதான் அது சரிப்படும். முதல் பத்து நாள் வாசகி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பழகுவது நல்லது. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் பிரேக்கும் கிளட்சும் இருக்கும். தவறு நடந்தால் அவர் நிறுத்திவிடுவார், பழகுகிறவருக்குப் பயமும் குறையும். பிறகு சொந்த வண்டியில் பழகும்போது பக்கத்தில் இருப்பவர் ஹேண்ட் பிரேக் அருகில் கையை வைத்திருக்க வேண்டும். ‘நிறுத்து’ என்ற ஒரு சொல் போதும். சத்தம் போட்டால் ஓட்டுகிறவர் கண் சாலையை விட்டு, சத்தம் போட்டவர் முகத்துக்குப் போய்விடும்.

சாலையில் பழகப் பழகுநர் உரிமம் கட்டாயம். காருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். வண்டியின் முன்னும் பின்னும் ‘எல்’ அட்டை இருக்க வேண்டும். பக்கத்தில் உரிமம் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கணவரும் தன் உரிமத்தில் எந்த வகை வண்டி குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், கொடுத்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் வண்டி உரிமையாளரிடமே திரும்பக் கேட்கலாம்.

வீட்டில் வண்டி வந்ததும் பத்தாவது படிக்கும் பையன் சாவியைக் கேட்பான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது.

அந்த ராத்திரிக்காக

மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். அந்த வண்டியில் ஆக்ஸிஜனும், முதலுதவி தெரிந்த ஆளும் இருப்பார்கள். வர நேரமாகும் என்றால்தான் சொந்தக் கார். அந்த நேரத்தில் ஓட்டுகிறவர் கை நடுங்கும். எனவே உரிமம் வாங்கியதோடு பழக்கத்தை நிறுத்தக் கூடாது.

ஆஸ்பத்திரி வரைக்குமான அதே சாலையில், பக்கத்தில் கணவரை வைத்துக்கொண்டு, பகலில் நான்கைந்து முறை போய் வர வேண்டும். பிறகு இரவில் இரண்டு முறை. எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்துவது, ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரையும் மாட்டு வண்டியையும் தூரத்திலேயே கவனிப்பது, ஆஸ்பத்திரி வாசலில் எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது ஆகியவை பழக வேண்டும். ஒரு நடையில் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போகலாம். அவருக்கும் மருமகள் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து பழகிவிடும். இரவில் வண்டியை எப்போதும் வாசலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, தொட்டியில் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருப்பது நல்லது. சாவி எங்கே தொங்குகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், அந்தப் பையனைத் தவிர.