வேறொருவர் நின்றிருந்தால்?

1969-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் பேராயக் கட்சி நீலம் சஞ்சீவரெட்டியை விடுத்துச் செகசீவன் இராமை நிறுத்தியிருந்தால் நம் வரலாறே வேறாகியிருக்குமன்றோ என்று செஞ்சி அன்பர் ஒருவர் வினவினார். நல்ல வினாவே. ஆயின், அவர் எதிர்பார்த்த விடை எம்மிடம் இல்லை.

அவ்வாண்டு சூலையில் பெங்களூரில் கூடிய பேராயக் கட்சிப் பாராளுமன்றக் குழுவில் இந்திரா காந்தியார் செகசீவன் இராமை முன்மொழிந்தார். காமராசர் உள்ளிட்டோர் சஞ்சீவரெட்டியைத் தேர்ந்தனர். அங்குத் தோற்ற அம்மையார், ‘உளச்சான்றின்படி வாக்களியுங்கள்’ என்று தம் கட்சியினரை ஏவி, தனித்து நின்ற வி.வி. கிரியை வெல்வித்தார். இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. இடைவெளி 14,650 மட்டுமே!

தி.மு.க.வும் கிரியையே ஆதரித்தது. அன்று பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 576. தமிழகச் சட்டப்பேரவை உறுப்பினர்க்கு 144. 1967-இல் அக்கட்சி வென்ற மக்களவை இடங்கள் 25. பெருக்கிப் பாருங்கள், 14,400. பேரவையில் அதற்கிருந்த 130-க்கும் மேற்பட்டோரையும் கூட்டினால் 33,000-ஐத் தாண்டும். தில்லி மாளிகையில் அமர்பவர் யார் என்பதைத் தமிழன் கை முடிவு செய்த நாள் அது.

செகசீவன் இராம் நின்று வென்றிருந்தால், ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர், 1997-இல் கே.ஆர். நாராயணன் ஏறிய இருக்கையில், 28 ஆண்டுகள் முன்னரே ஏறியிருப்பார். அஃது எளிய இழப்பன்று. பேராயக் கட்சியின் பிளவும் தள்ளிப் போயிருக்கலாம். ஆனால், கட்சி பிளவுபடாதிருந்தால் தமிழனின் வாக்கை நாடி எவர் வந்திருப்பார்? நமக்கு வாய்ப்பைத் தந்ததே அவர்களின் பூசல்தான்!

அவ்வாய்ப்பை என்ன செய்தோம்? வாக்களித்தது ஆகத்தில். மாநில உரிமைகளை ஆராய இராசமன்னார் குழுவை அமைத்தது செப்தம்பரில். பணத்தைக் கொடுத்துவிட்டு முறி எழுதக் கேட்டவன் கதை! அக்குழுவின் 1971-ஆம் ஆண்டு அறிக்கையைத் தில்லி ஏற்கவில்லை. 1974 சூனில் கச்சத்தீவு இலங்கைக்குப் போயிற்று. அன்று குடியரசுத் தலைவர் நாம் வெல்வித்த அதே கிரி.

ரெட்டி வந்திருந்தால் நன்றாயிருக்குமோ எனின், அவரும் வந்தார். 1977-இல் போட்டியின்றியே வந்தார். 1980 பிப்பிரவரியில் ம.கோ.இரா. ஆட்சியைக் கலைத்த ஆணையில் உள்ளது அவர் கையொப்பமே. அதற்குமுன் 1976 சனவரி 31-இல் கலைஞர் ஆட்சியைக் கலைத்தவர் பக்ருதீன் அலி அகமது. சரி, தமிழ்நாட்டவரே அமர்ந்தால்? பட்டுக்கோட்டைப் பக்கத்து இராசாமடத்தில் பிறந்த வெங்கட்ராமன் அமர்ந்திருந்தபோதுதான், ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், 1991 சனவரி 30-இல் மீண்டும் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. அரசியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் ‘அல்லது வேறு வகையில்’ என்ற பொருளில் ஒரு தொடர் உண்டு; ஆளுநர் அறிக்கையே இல்லாமல் ஓர் ஆட்சியை வீழ்த்த அத்தொடர் போதும்.

வினவிய அன்பர்க்கு அவர் ஊர்க் கோட்டையே தெரியும். கோனார் குடியினர் எழுப்பியதாகச் சொல்லப்படும் அக்கோட்டையில் நாயக்கர், பீசப்பூரார், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் என்று ஆண்டோர் மாறிக்கொண்டே இருந்தனர். கீழே வயலில் நின்றவனை எவரும் கேட்டு வரி விதிக்கவில்லை. (2025-இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியபோதும் அது மராட்டியப் படைநிலங்களுள் ஒன்றாகவே ஏறிற்று!) இராசகிரி உச்சியில் எவன் கொடி பறந்தது என்பதைவிட, வாயிற் கதவின் திறவுகோல் எவனிடம் இருந்தது என்பதே கேள்வி.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027-இல் வரவேண்டும். 2022-இல் தமிழகப் பேரவை உறுப்பினர் ஒவ்வொருவர் வாக்குக்கும் மதிப்பு 176. செஞ்சித் தொகுதி உறுப்பினர்க்கும் அதேதான். 356-ஐ நீக்க எழுத்தில் உறுதி தரும் கட்சியின் வேட்பாளர்க்கன்றி வாக்களிப்பதில்லை என அவர் இப்போதே அறிவிப்பாரா? அன்பர் அவரிடம் போய்க் கேட்கட்டும். வாக்களித்த பின்னரன்று, முன்னரே.